அழவில்லை என்று நான் சொன்ன சாட்சி

எண்பதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். அந்த வருடம் ஜூலையில் எங்கள் ஒரே மகனை மூளைக்காய்ச்சலில் பறிகொடுத்தோம். மூன்று வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது அவனுக்கு.

எங்கள் சபையில் சனிக்கிழமை மத்தியானம் பெண்கள் கூட்டம் நடக்கும். கஷ்டத்தில் ஆண்டவர் எப்படித் தாங்கினார் என்று யாராவது எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். முடித்ததும் எல்லோரும் ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" என்பார்கள். அப்புறம் டீயும் மிக்சரும். அடக்கம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பேசாமல் உட்கார்ந்திருக்கலாம்தான். என் வாய் சும்மா இருந்தால்தானே! எழுந்து, "பிள்ளை ஆண்டவர்கிட்ட இருக்கான். நான் அழறதே இல்லை. அவன் துணியெல்லாம் மூணாம் நாளே எடுத்துக் குடுத்துட்டேன்" என்றேன். ஸ்தோத்திரம் கூரையைப் பிளந்தது. "என்ன விசுவாசம் பாரு!" என்று ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

நிஜம் வேறு. தினமும் காலையில் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுவேன். சத்தம் வெளியே கேட்கக் கூடாதே! மாடியில் இருந்த வீட்டுக்காரர் ஒருநாள் இறங்கி வந்து சத்தம் போட்டார்: "இன்னா சார், நீங்க ரெண்டே பேரு. தொட்டித் தண்ணி பத்து மணிக்கே தீந்துடுதே!" என் கணவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நான்தான் சார். உடம்பு சூடு, ரெண்டு தடவை குளிக்கிறேன்" என்றார். ஒரு தடவை குளிக்கவே சோம்பேறித்தனப்படுகிற மனுஷன்! அவருக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் ஒருவருக்கொருவர் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. துணி கொடுத்த கதையும் பாதிப் பொய். நீலக் கோடு போட்ட அவனுடைய சட்டை ஒன்று டிரங்குப் பெட்டியில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது.

செப்டம்பரில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பெண்ணின் எட்டு மாதக் குழந்தை வாந்திபேதியில் இறந்துபோனது. பம்மலில் வீடு, கணவனுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. நானும் துக்கத்துக்குப் போனேன். போனவள் சும்மா வந்தேனா? "அழாதம்மா, ஆண்டவர் பார்த்துக்குவார்" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து அவள் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நீங்க எப்டிக்கா அழாம கீறீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க. நீங்க கூட்டத்துல சொன்ன மாதிரியே கொயந்த துணியெல்லாம், இல்லாதவங்களுக்குன்னு வெச்சிருக்கற சர்ச்சு பெட்டில போட்டுட்டேன். இப்ப மோந்து பாக்கக்கூட ஒண்ணு இல்ல. அப்பவும் அழுகை நிக்க மாட்டேங்குது. எனக்கு விசுவாசம் பத்தலயாக்கா? இனிமே கோயிலுக்கு வரவே பயமா கீது."

அவளை உள்ளே இழுத்து உட்கார வைத்து, பெட்டியைத் திறந்து அந்த நீலக் கோட்டுச் சட்டையை அவள் மடியில் வைத்தேன். "நான் சொன்னது பொய்ம்மா. தினமும் அழறேன். உன்னை மாதிரியேதான் அழறேன்" என்றேன்.

சட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அடப்பாவி அக்கா! இது தெரியாம நான் எவ்ளோ பேஜாராயிட்டேன்!" என்று என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அந்தத் தோளிலேயே சாய்ந்துகொண்டாள். கதவு திறந்திருந்தது, குழாய் மூடியிருந்தது. இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம்.

அடுத்த சனிக்கிழமை கையோடு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். எழுந்து, "அன்னைக்கு நான் சொன்ன சாட்சி பொய்" என்று ஆரம்பித்து, குழாய் முதல் சட்டை வரை எல்லாவற்றையும் சொன்னேன். "ஆண்டவர் எங்கிட்ட அழாதேன்னு சொல்லவே இல்லை. நானாத்தான் சொல்லிக்கிட்டேன். என் பேச்சைக் கேட்டு ஒரு தாய் கையில ஒண்ணும் இல்லாம நிக்கிறா" என்று முடித்தேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

பாஸ்டர் அம்மா மட்டும் எழுந்து வெளியே போனார். பாஸ்டரின் மனைவி. என் வயதுதான் அவருக்கு, ஆனால் கண்டிப்பானவர். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த தன் வீட்டிலிருந்து ஒரு பழுப்புக் கவரோடு திரும்பி வந்தார். உள்ளே சின்ன மஞ்சள் கவுன்.

"நீ பெட்டியில போட்ட அன்னைக்கே இதை எடுத்து வெச்சேன்மா. மத்ததெல்லாம் ஹாஸ்டல் பிள்ளைங்களுக்குப் போயிடுச்சு. என்னைக்காவது தேடுவேன்னு தோணுச்சு. துவைக்கலை, அப்படியே இருக்கு."

அவள் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். யாரும் அவளை அழாதே என்று சொல்லவில்லை. அன்றைக்கு டீ ஆறிப்போனது.

அதன்பிறகு எனக்கு அழுகை வந்தால் கூடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். என் கணவரும் அழுதார், பாவம், அவருக்கும்தான் மகன். சில நாள் கழித்து வீட்டுக்காரர், "சாருக்கு ஒடம்பு சூடு தணிஞ்சிடுச்சு போல!" என்றார். மகன் போனபின் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

இப்போதும் துக்க வீட்டுக்குப் போனால் "அழாதே" என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வரும். அந்த மஞ்சள் கவுன் ஞாபகம் வந்ததும் அதை விழுங்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, போன பிள்ளையின் பெயரைக் கேட்கிறேன்.