சாரலை நம்பாத கோதண்டபாணி மாமா

இங்கே எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டீர்கள் என்று அல்சூர் ஏரியின் மேல் ஆணையாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். நம்பாததுதான் முறை. யாருக்காக இதை எழுதுகிறேனோ அவரும் எதையும் நம்பியவரல்லர்.

போன வியாழக்கிழமை காலை, மாமாவின் பக்கத்து வீட்டு ஞானப்பிரகாசம் வாத்தியார் குடையை மடக்கியபடி என் வீட்டுப் படியேறி, "உங்க மாமா போயிட்டார்யா" என்றார்.

"நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் உறைத்தது. அது என் கேள்வியே அல்ல, மாமாவின் கேள்வி. யார் எந்தச் செய்தி கொண்டுவந்தாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான். வாத்தியாரும் பழக்கதோஷத்தில், "பாத்தேன், தொட்டும் பாத்தேன்" என்று சாட்சி சொல்லிவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோதண்டபாணி மாமா என் அக்காவின் கணவர். பெங்களூர் காக்ஸ் டவுனில் வீடு, சர்க்கார் ஆபீசில் உத்தியோகம். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பால்காரர் பசுவையே கூட்டிவந்து எதிரில் கறந்தாலும், பசு காலையில் எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று விசாரிக்கிற மனிதர். பல்லி கத்தினால், யார் சொல்லிக் கத்துகிறது என்று பார்ப்பார்.

அப்படிப்பட்டவர் நாற்பத்தேழில், கன்டோன்மென்ட் வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியபோது, அவர்களில் ஒருவரிடம் ஒரு காரை வாங்கினார். மேலே கூரையில்லாத திறந்த கார். எட்டு யானைகள் படுத்துறங்கும் அளவுள்ளது என்று நான் ஊரெல்லாம் சொல்லிவந்தேன். அதை வீட்டு முன்புறப் போர்ட்டிகோவில் நிறுத்தினார். போர்ட்டிகோவுக்குத் தலைக்கு மேல் தளம் உண்டு, பக்கங்களில் தூண்கள் மட்டும்தான்.

பெங்களூர் மழை மரியாதை தெரிந்த மழையல்ல. நேராக இறங்காமல் பக்கவாட்டில் நுழையும். அதுவரை மேற்கே, பக்கத்து வீட்டு வாத்தியாரின் பெரிய மரம் ஒன்று சாரலைத் தடுத்து வந்தது. அது தன் வீட்டின் மேல் சாய்கிறதென்று வாத்தியார் வெட்டினார். அடுத்த மழையில் கார் சீட்டில் தண்ணீர் நின்றது.

"பாத்தியா மாப்ளே, எல்லார் வீட்டுலயும் மழை நேரா பெய்யுது. நம்ம வீட்டுல மட்டும் சாஞ்சு பெய்யுது. இதுக்குப் பின்னால ஆள் இருக்கு."

"மழைக்குப் பின்னாலயா மாமா?"

"மரத்துக்குப் பின்னால!"

மேற்குப் பக்கம் மூங்கில் தட்டி எழுந்தது. தட்டியில் ஓட்டை இருக்கிறது, ஓட்டைக்கு அந்தப்புறம் வாத்தியார் இருக்கிறார் என்று தட்டி போய்த் தார்ப்பாய் வந்தது. தார்ப்பாய் காற்றில் படபடத்தது ஏதோ சங்கேதம் போலப் பட்டதால், அதுவும் போய் மரச்சட்டத்தில் தகரம் அறைந்தாயிற்று. மேற்கை மூடினால் கிழக்கு சும்மா இருக்குமா என்று கிழக்கிலும் தகரம். மிச்சமிருந்தது முன்புறம். காரை உள்ளே விட்டு, ஆசாரியை வரவழைத்தார்.

"கதவு வெளிப்பக்கமா தெறக்கட்டுங்களா?" என்று கேட்டார் ஆசாரி.

"ஏன், வெளிய நிக்கிற திருடனுக்குச் சவுரியமாவா? உள்பக்கமா வை!"

ஆசாரி காரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், உள்பக்கமாகவே வைத்துவிட்டுப் போனார்.

அன்று முதல் அந்த வீட்டுக்கு வாசல் கிடையாது. எல்லோரும் சமையற்கட்டு வழியாகத்தான் போக வேண்டும். மாமா பஸ்ஸில் ஆபீஸ் போனார். மழை நாளில் காரை வெளியே எடுக்கக்கூடாது, வெயில் நாளில் தூசி படும் என்பது சித்தாந்தம். தெருவும் சும்மா இருக்கவில்லை. உள்ளே நோட்டு அச்சடிக்கிறார்கள் என்றது ஒரு கட்சி, புலி வளர்க்கிறார்கள் என்றது இன்னொரு கட்சி. (இரண்டாவது கட்சிக்கு நான்தான் தலைவர்.) ஒருநாள் போலீஸ்காரரே வந்து தகரத்தைத் தட்டி, "ஒளகே ஏனிதெ?" என்று, உள்ளே என்ன இருக்கிறதென்று கன்னடத்தில் கேட்டார். மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மளெ இல்லா" என்றார். உள்ளே மழை இல்லையாம். போலீஸ்காரர் அதற்குமேல் என்ன கேட்பார்?

இப்படியிருக்க, அவர்களுடைய ஒரே பெண் கமலாவைப் பார்க்க வேலூரிலிருந்து வந்தார்கள். நல்ல இடம். பையனின் போட்டோவைக் கமலா தன் அம்மாவிடமிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு, திருப்பித் தரவேயில்லை. அதிலிருந்து மற்றதை நீங்களே ஊகிக்கலாம்.

வந்தவர்களில் பையனின் பெரியப்பா ஒருவர். மாமாவை வார்த்த அச்சில் வேலூரிலும் ஒருவரை வார்த்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தூறலில் கொல்லைப்புறமாக அழைத்துப் போனபோதே அவர் முகம் மாறிவிட்டது.

"சம்பந்தம் பேச வந்தவங்கள அடுப்பங்கரை வழியா கூட்டிட்டு வரீங்களே, வாசல்ல என்ன சாமி இருக்கு?"

"கார்."

"எங்க பையனுக்கு மாப்பிள்ளை அழைப்பு அந்தக் கார்லதான்னு தரகர் சொன்னார். பாக்கலாமா?"

உள்கதவைத் திறந்து காட்டினோம். பெரியப்பா இருட்டுக்குள் தலையை நீட்டி, மோந்து பார்த்துவிட்டு, "இருட்டுல எருமையைக்கூடக் கார்னு காட்டலாம். வெளிச்சத்துல காட்டுங்க. இல்லன்னா நாங்க ரயிலைப் பிடிக்கிறோம்" என்றார்.

மாமா முன்கதவை இழுத்தார். கதவு சாண் அகலம் வந்து காரின் மூக்கில் இடித்தது. காரைப் பின்னால் தள்ளலாமென்றால் அங்கே வாசற்படி. உள்ளே வந்த கார் வெளியே போகாது, போகவும் முடியாது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

அப்போது கமலா சமையற்கட்டிலிருந்து வந்தாள். கையில் காப்பித் தட்டு. "அப்பா, மழையில காலேஜ்லேர்ந்து நனைஞ்சு நனைஞ்சு வீட்டைச் சுத்தி வந்தேன். ஒரு நாள் கேட்டீங்களா? கார் மட்டும் நனையக்கூடாது."

மாமா அவளையே பார்த்தார். பிறகு மழையில் இறங்கி நடந்து, வாழ்நாளெல்லாம் சந்தேகப்பட்ட வீட்டின் கதவைத் தட்டினார்.

"வாத்தியாரே, கடப்பாரை வேணும்."

"எதுக்குங்க?" என்று வாத்தியாரும் சந்தேகமாகத்தான் கேட்டார்.

"உங்க பக்கத்தைத் திறக்கணும்."

இருவரும் ஆளுக்கொரு முனையில் நெம்பினார்கள். மேற்குத் தகரம் விழுந்த சத்தத்தில், இருபது மைல் தள்ளியிருக்கிற அத்திபெலே வரைக்கும் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. வெளிச்சம் உள்ளே பாய்ந்தது, பின்னாலேயே சாரல். திறந்த கார் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அல்சூர் ஏரியாகி, அதில் இரண்டு நாரைகள் இறங்கின. பெரியப்பா காரைத் தட்டிப் பார்த்து, ஹார்னை அமுக்கிப் பார்த்து, "இஞ்சின் இருக்கா?" என்றார். பையன் காரைப் பார்க்கவேயில்லை. பல வருஷம் கழித்துத் திறந்த அந்த வாசலில், காப்பித் தட்டோடு நின்ற கமலாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது.

போலீஸ்காரர், புலி, நாரை, மாடுகள், உள்பக்கக் கதவு எல்லாவற்றையும் நீங்கள் தாராளமாகத் தள்ளிவிடலாம். நானே தள்ளிவிட்டேன். மாமா இருந்திருந்தால் அவரும் ஒன்றைக்கூட நம்பியிருக்கமாட்டார்.

ஆனால் ஒரு சின்ன விஷயம் உண்டு. பையன் வீட்டாரோடு கமலா பேசி முடிக்கிற வரையில், மாமா காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தகரம் போன அந்த இடைவெளியில் நின்றார். வேட்டியை இரு கையாலும் விரித்துப் பிடித்து, பெண்ணின் மேல் சாரல் படாமல் அந்தப் பக்கத்தைத் தானே அடைத்துக்கொண்டு நின்றார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "மழை விட்டுடுச்சு மாமா, உள்ள வாங்க" என்றேன். "நீ போ மாப்ளே, எனக்கு அந்த மேகத்து மேல நம்பிக்கையில்ல" என்றார்.

அது மட்டும் நிஜம். நான் நேரில் பார்த்தேன் மாமா. நிம்மதியாகப் போங்கள்.