ஈரம் இழுக்காத துண்டுகள்

அன்று காலை அபிராமபுரத்து நர்சிங் ஹோமின் கை கழுவும் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: டாக்டர், சாந்தோமிலிருந்து வேலைக்கு வரும் நர்ஸம்மா, அப்பா, நான். அம்மா வரவில்லை. சைதாப்பேட்டை ஆற்று மணலில் யாரோ வீட்டுக் கல்யாண ஜமக்காளங்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வந்திருந்தால் விஷயம் ஐந்தே நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

எங்களுக்குச் சலவைத் தொழில். அந்த நர்சிங் ஹோமின் படுக்கை விரிப்புகளை இரண்டு வருஷமாக அப்பா வெளுத்துக் கொடுத்துவந்தார். துண்டுகளை மட்டும் அங்கேயே ஓர் ஆயா அலசிக்கொண்டிருந்தாள். அவள் ஊருக்குப் போய்விட்டதால், ஆபரேஷனுக்கு முன் டாக்டர் கை துடைக்கும் அந்தத் துண்டுகளும் ஒரு மாதமாக எங்களிடம் வந்தன. அந்த ஒரு மாதத்தில் மூன்று ஜோடி ரப்பர் கையுறைகள் கிழிந்துபோயிருந்தன. யுத்த காலம், ரப்பரெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சைக்கிள் டியூபுக்கு ஒட்டுவதுபோல, பழைய கையுறைகளுக்கே நர்ஸம்மா ஒட்டுப்போட்டு, வேகவைத்து, பவுடர் தூவி வைப்பாராம்.

"நான் கொடுத்த துண்டு எங்கே?" என்றார் டாக்டர். "அது பஞ்சு மாதிரி இருக்கும். நீ கொண்டுவந்து போடறது மெழுகுச்சீலை. எத்தனை துடைச்சாலும் கை காயமாட்டேங்கறது. ஈரக் கையை உள்ளே விட்டா பவுடர் களியா ஒட்டிண்டு, இழுக்கறச்சே க்ளவுஸ் கிழியறது. நல்ல துண்டை வித்துட்டியா, வாடகைக்கு விட்டிருக்கியா?"

"சாமி சத்தியமா இல்லீங்க டாக்டரய்யா. ஓரத்துல குறியப் பாருங்க. நம்ம போட்ட குறிதான்."

"குறி போடறவனே நீதானேப்பா!"

திருட்டு வண்ணான் என்று ஒரு டாக்டர் வாயிலிருந்து வந்துவிட்டால், அந்தத் தெருவில் எங்களிடம் துணி போடும் எட்டு வீடும் போய்விடும். அப்பா என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பலகை பிடித்து எழுதிய முதல் ஆள் நான், இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் தெரிந்தவன் எந்த டாக்டரிடமும் பேசிவிடுவான் என்று நம்பித்தான் அவர் என்னைக் கூட்டி வந்திருந்தார். எனக்கு இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கடைசியில் வந்தது ஒரு கேள்விதான்.

"நீங்க எப்படி சார் துடைப்பீங்க? கொஞ்சம் பாக்கலாமா?"

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பத்து மணிக்கு ஒரு குடலிறக்க ஆபரேஷன் இருந்தது. எப்படியும் அவர் கை கழுவியாக வேண்டும். "அந்த மூலையிலே நில்லு. எதையும் தொடப்படாது" என்றார்.

கை கழுவுவதென்றால் இப்படியும் கழுவலாம் என்று அன்றுதான் கண்டேன். பிரஷ்ஷில் சோப்புப் போட்டு முதலில் நகக்கண், பிறகு ஒவ்வொரு விரலின் நான்கு பக்கம், விரலிடுக்கு, புறங்கை, முழங்கை வரை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே பத்து நிமிஷம் தேய்த்தார். பத்து நிமிஷத்தில் அம்மா ஒரு மூட்டையைக் கல்லில் அடித்துப் பிழிந்துவிடுவாள். அலசியபின் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் சார் தூக்கிப் பிடிக்கறீங்க?"

"முழங்கைத் தண்ணி விரலுக்கு இறங்கப்படாது. விரல்லேர்ந்துதான் முழங்கைக்குப் போகணும். துடைக்கறதும் அப்படித்தான். போன வழியிலே திரும்பப்படாது."

நர்ஸம்மா நீராவி டிரம்மிலிருந்து இடுக்கியால் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். அது தகடுபோல விறைத்து நின்றது. துண்டின் ஒரு பாதியால் ஒரு கையை ஒற்றினார் டாக்டர். தண்ணீர் துணிக்குள் போகவில்லை. இங்கிருந்து அங்கே நகர்ந்தது, அவ்வளவுதான். மறுபாதியால் மறுகை. அதிலும் அதே கதை. "பார்த்தியா?" என்று துண்டைத் தரையில் போட்டார்.

கீழே விழுந்ததை எடுக்கலாமா என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். "இனி அது வேலைக்காகாது, எடுத்துக்கோ தம்பி" என்றார். ஈரம் பட்ட இடத்தை விரலால் தேய்த்தேன். வழவழவென்றிருந்தது. முகர்ந்தேன். எங்கள் வீட்டு வாசனை.

"அப்பா, கஞ்சி."

அப்பா துண்டைப் பிடுங்கி அவரும் முகர்ந்தார். "சேலைக்குப் போடுவோம், வேட்டிக்குப் போடுவோம். இதுக்கு எவ..." என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார். எங்கள் வீட்டில் கஞ்சி போடுகிறவள் அம்மா.

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது நூலுக்கு நூல் உள்ள சந்து வழியாக என்று வகுப்பில் படித்திருந்தேன். கஞ்சி அந்தச் சந்தை அடைத்துவிட்டது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். நர்ஸம்மா சிரித்துவிட்டார். "சேசுவே! நான் நீராவியில விறைச்சுப் போச்சுன்னுல்ல நெனச்சேன்!" டாக்டர் சிரிக்கவில்லை. அதே துண்டுகளைக் கஞ்சியில்லாமல் வெளுத்து வந்து காட்டினால்தான் பேச்சு என்று சொல்லிவிட்டு, காயத்துக்குக் கட்டும், வேகவைத்த காஸ் துணியில் கை துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆற்றங்கரைக்கு வந்து சொன்னோம். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாய்யா தப்பு? டாக்டரு கை தொடைக்கிற துணி. அத்தப் போயி கந்தல் மாதிரி தொளதொளன்னு குடுத்தா நம்மள இன்னா நெனைப்பாரு? ரேஷன் அரிசிக் கஞ்சி. உங்களுக்கு ஊத்தாம அதுக்கு ஊத்திகீறேன்!"

"அதான் ஒரு மாசமா நம்ம கஞ்சி தண்ணியா கீதா?" என்றார் அப்பா.

"கஞ்சி போட்டா துணி தண்ணி குடிக்காதாமே. படிச்சவன் சொல்ட்டான்!" என்று அம்மா என்னைப் பார்த்து நொடித்தாள்.

ஒரு குவளைத் தண்ணீரில் நீலத்தைக் கரைத்தேன். கஞ்சி போட்ட துணி ஒரு கீற்று, போடாதது ஒரு கீற்று. இரண்டின் நுனியையும் அதில் தொங்கவிட்டேன். போடாததில் நீலம் நான்கு விரல்கடை ஏறியது. போட்டதில் அரை விரல்கடையோடு நின்றுவிட்டது. அம்மா குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

"யம்மாடி, சொல்லாம கொள்ளாம இன்னாமா ஏறுது!"

பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. தன் முந்தானையை விட்டுப் பார்த்தாள். அப்பாவின் பனியனைக் கழற்றச் சொன்னாள். கல்யாண வீட்டு ஜமக்காளத்தின் குஞ்சத்தையும் விட்டிருப்பாள், அப்பாதான் கையைப் பிடித்தார்.

"நைனா, உங்கம்மா எல்லாத் துணியும் நீலமாக்கிடுவாடா, குவளைய எடு!" என்று என்னிடம் கத்தினார்.

துண்டுகளை இரண்டு தடவை வெள்ளாவி வைத்து, கஞ்சி வாசனை போகும்வரை அலசி, நான்காம் நாள் கொண்டுபோனோம். இந்தத் தடவை அம்மாவும் வந்தாள். கை கழுவும் அறைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். டாக்டர் ஒரு கையை ஒற்றினார், பிறகு மறு கையை. துண்டு நனைந்து தொங்கியது. நர்ஸம்மா கையுறையை விரித்துப் பிடிக்க, கை உள்ளே வழுக்கிக்கொண்டு போயிற்று.

"எல்லாத் துண்டையும் நீயே எடுத்துண்டு போய் வெளு" என்றார் டாக்டர். திருட்டைப் பற்றிச் சொன்னதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப்பின் அதைச் சொல்லவும் இல்லை. கிழிந்த கையுறைகளின் விலையை மட்டும் கூலியில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். நர்ஸம்மா ஏதோ பேச வாயெடுத்தார். அப்பா முந்திக்கொண்டார்.

"திருட்டுக்குன்னா ஒரு காலணா குடுக்க மாட்டேங்க. கஞ்சிக்குன்னா குடுக்கறேன்."

இரண்டு மாதத்தில் பிடித்துத் தீர்த்தார்கள். கூலியில் பிடித்த கணக்குச் சீட்டை நான்தான் வாங்கிப் படித்துச் சொன்னேன்: மூன்று ஜோடிக்கும் சேர்த்துப் பதினோரு ரூபாய் நாலணா.