படகுத்துறையில் ஏறிய சேறு

பல வருடம் கழித்து ஊருக்குப் போகிறேன்; டிக்கோயா தாண்டியதும் பஸ் ஜன்னல் வழியே நீர்த்தேக்கத்தின் அந்தச் சேற்று வாடை வந்தது. ஆசையாக மூச்சை இழுத்துக்கொண்டேன்.

மலைமண்ணைச் சுமந்து இறங்கும் ஓடை, நீர்த்தேக்கத்தைத் தொட்டதும் வேகம் தணிந்து சுமையை இறக்கிவிடும். மழைக்கு மழை அப்படிப் படிந்து உயர்ந்த சேற்றில் கோரை முளைத்து, அதன் வேர் அடுத்த மண்ணைப் பிடித்துவைக்க, புழுவும் நத்தையும் பெருகி, அவற்றைத் தேடிக் கொக்குகள் வர, பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்த கையோடு எங்கள் லயக் குடியிருப்புப் பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வல்லாரை பறிக்க இறங்குவார்கள், அம்மாவின் பின்னால் நானும் கணுக்கால் புதையப் புதைய நடப்பேன்.

அந்தச் சேற்று நிலத்தைத்தான் தோட்டத்தை நடத்திய துரை கல் கொட்டி மூடினார். நாங்கள் இறங்காதபடி வேலி போட்டு, விருந்தினர் பங்களாவும் படகுத்துறையும் கட்டினார். வருகிறவர்களுக்கு மலை துப்புரவாகத் தெரிய வேண்டுமென்று, தேயிலைக்கு இடையே ஒரு புல் விடாமல் சுரண்டச் சொன்னார்.

“நல்லா வழிச்சு சுரண்டுங்கடி, மண்ணு பூரா அவரு வாசலுக்கே போகட்டும்” என்றாள் அம்மா, சிரிக்காமல்.

போயிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே, துரையின் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன. துறையின் படிகளில் கோரை முளைத்திருக்கிறது. அதன்மேல் ஒரு கொக்கு, சொந்த வீட்டில் நிற்பதுபோல.

“அக்கா, ஜன்னல மூடுங்க, நாத்தம் தாங்கல” என்றான் கண்டக்டர்.

முழுதாகத் திறந்துவிட்டேன்.

“மழ இன்னும் தொடங்கவே இல்ல தம்பி.”