பத்தொன்பது மில்லிமீற்றர் நட்டு

நவம்பர் 23, சனிக்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். சுபஹுத் தொழுகை, ஒரு கோப்பை பிளேன்ரீ, இரண்டு பிஸ்கட். வெளியே மூன்று பாகை. ஏழரை மணிக்கு மலசலகூடத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒரு ஹோஸ் பைப்பின் முனையில் இருந்த பித்தளை நட்டின் வாயை வேர்ணியர் அளவுகோலால் அளந்துகொண்டிருந்தேன். இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்த இந்த ஆறு வருடங்களில் நான் எத்தனையோ பொருட்களை அளந்து என் குறிப்புக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். எதையும் இவ்வளவு பயத்துடன் அளந்ததில்லை. அன்று பின்னேரம் என் மாமி, மனைவியின் தாயார், இலங்கையின் கல்முனைக்குடியிலிருந்து வந்து இறங்கவிருந்தார்.

இந்த நாட்டில் மலசலகூடத்தில் புத்தகம் வைக்கத் தட்டு உண்டு, வாசனைக்கு மெழுகுதிரி உண்டு, கழுவத் தண்ணீர் மட்டும் கிடையாது. காகிதம்தான். இரண்டு வருடத்துக்கு முன் மூன்று மாதம் தங்கவென்று வந்த மாமி பத்தொன்பதாம் நாள் ஊருக்குத் திரும்பிவிட்டார். காரணமாகக் குளிர் என்று சொன்னார். உண்மைக் காரணம் எங்களுக்குத் தெரியும். இந்த முறை மனைவி நஸ்ரின் தெளிவாகவே சொல்லிவிட்டாள்: "உம்மா இந்த முறையும் பாதியில போனா நானும் பிளேன் ஏறிருவன். நீங்க உங்கட கொப்பியோட இரிங்க."

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கரையோர ஊர்களில் கல்யாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். நான் மாமியின் வீட்டில் பதினொரு வருடம் இருந்தேன். குசினிக் குழாய் ஒழுகினால் நான் ஸ்பேனரைத் தேடுவதற்குள் மாமி ஆளனுப்பி மேசனைக் கூப்பிட்டுவிடுவார். மருமகன் பைப் திருகுவதைப் பக்கத்து வீட்டார் பார்த்தால் அவருக்கு மானக்கேடு. அதனால் பதினொரு வருடமும் நான் கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். அந்த உபசரிப்புக்கு ஈடாக நான் அவருக்குச் செய்யவேண்டியிருந்தது ஒரு மலசலகூடம் மட்டுமே.

நஸ்ரினின் தம்பி ரியாஸ் கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறான். கழுவும் பிடே ஷவரையும் அதன் ஹோஸையும் அவன்தான் ஆள் மூலம் அனுப்பியிருந்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் குழாயிலிருந்து தண்ணீரைப் பிரித்து எடுக்கும் T வடிவ டீ மூட்டு மட்டும் பார்சலில் இல்லை. அதை இங்கே வாங்கலாம், ஆனால் திருகும் மரை பொருந்த வேண்டும். நட்டின் உள்வாய் சரியாகப் பத்தொன்பது மில்லிமீற்றர். ஒரு அங்குலம் 25.4. ஆகவே முக்கால் அங்குலம். இரண்டு தரம் அளந்து, எழுதி, அடிக்கோடிட்டேன்.

ஒன்பதரைக்குக் குழாய்ச் சாமான் கடைக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் நரைத்த தாடிக்காரர் ஒருவர் நின்றார். முக்கால் அங்குல டீ என்றேன். "எதற்கு, மேட்?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் நான்கு பேர் வரிசையில். நடுவயது மனிதன் ஒருவன் அத்தனை பேர் முன்னிலையில் எப்படிச் சொல்வது?

"கார்டன்," என்றேன்.

"கார்டன் என்றால் முக்கால்தான்." எடுத்துத் தந்தவர், கண்ணாடிக் கதவுக்கு வெளியே உறைபனியைப் பார்த்தார். "என்ன பயிர்?"

"மிளகாய்."

"குட் லக்," என்றார்.

வீட்டுக்கு வந்து டீயை நட்டில் வைத்தேன். சின்னப்பிள்ளையின் தொப்பியைப் பெரியவர் தலையில் வைத்தது போல் நட்டு மேலேயே நின்றது. ரியாஸுக்கு வீடியோ கோல் எடுத்தேன். அவன் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருந்தான்.

"மச்சான், அது அரை இஞ்சி, முக்கால் இல்ல."

"பத்தொன்பது மில்லிமீற்றர், ரியாஸ். ரெண்டு தரம் அளந்த."

"நூறு தரம் அளங்க. அரை இஞ்சிதான். பைப்புட பேர் மரைய வெச்சி இல்ல மச்சான், அந்தக் காலத்து இரும்புப் பைப்புட உள் ஓட்டைய வெச்சி. ஓட்டை அரை இஞ்சி. அதுக்கு வெளியால இரும்பு, இரும்புக்கு மேல மரை. பெருக்கத்தானே செய்யும்?"

"இந்தக் குழப்பத்த ஆரு செஞ்ச?"

"உங்கட பக்கத்து ஊட்டுக்காரன்தான். வெள்ளக்காரன் கொண்டுவந்து தந்த மரையத்தான் நாங்க இன்னும் விக்கிற. என்னட்ட வாங்கின நட்டு உங்கட சுவத்துல நேரா ஏறும்." பிறகு சிரித்தான். "பதினொரு வருஷம் எங்கட ஊட்டுல இருந்தீங்களே, ஒரு நட்டாவது கழட்டியிரிக்கீங்களா?"

"உங்கட உம்மா விடல்லியே!"

"ஓம், அதுவும் சரிதான். ஓடுங்க, ஓடுங்க. உம்மா இப்ப துபாயையும் தாண்டியிருப்பா."

மீண்டும் கடை. தாடிக்காரர் என்னைக் கண்டதும், "மிளகாய்க்கு என்ன ஆயிற்று?" என்றார். வரிசையில் இப்போது ஆறு பேர். மிளகாய் இல்லை, டொயிலட், கழுவுவதற்கு, என் மனைவியின் தாயார் வருகிறார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் உள்ளே திரும்பிக் கடை முழுவதும் கேட்கக் கத்தினார்: "ஒரு அரை அங்குல டீ! டொயிலட்டுக்கு! மாமியாருக்கு!"

பிறகு மேசையில் சாய்ந்து, தன் தாயாருக்கு இடுப்பு ஒப்பரேஷன் ஆனபின் தானும் ஒன்று பூட்டிக் கொடுத்ததாகவும், இப்போது அந்த அம்மா அதில்லாத வீடுகளுக்கு விருந்துக்கே போவதில்லை என்றும் சொன்னார். தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வு ஒன்றும் வேண்டும், இங்கே சட்டம் அப்படி என்று அதையும் வைத்தார். வரிசையில் நின்ற கிழவி ஒருவர் விலை கேட்டார்.

பன்னிரண்டரைக்குத் தண்ணீரை அடைத்து வேலையைத் தொடங்கினேன். இங்கிலாந்துக் குழாயில் டீ, டீயில் வால்வு, வால்வில் கல்முனை நட்டு. மரைக்கு வெள்ளை டேப் சுற்றினேன். நட்டு கையாலேயே ஐந்து சுற்று ஏறியது, ஸ்பேனரால் கால் சுற்று. ஒரு சொட்டும் இல்லை. நூறு வருடத்துக்கு முன் பிரிந்த சொந்தக்காரர்கள் போல இரண்டு மரையும் ஒன்றையொன்று தெரிந்து வைத்திருந்தன. பொருந்துமா என்று சந்தேகப்பட்டது நான் மட்டும்தான்.

மாமி ஆறு மணிக்கு வந்தார். களைப்பில் ஒரு பிடி சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

நவம்பர் 24, ஞாயிறு. சுபஹுக்கு முன் மாமி மலசலகூடத்துக்குள் போனார். நானும் நஸ்ரினும் நடையில் நின்றோம். ஷவர் சீறியது. உடனே, "யா அல்லாஹ்!" என்று ஒரு அலறல். நஸ்ரின் என் கையைப் பிடித்தாள். நீண்ட நேரம் கழித்துக் கதவு திறந்தது. மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"மருமகன், சாமான் எங்கட ஊரு சாமான்தான். தண்ணிதான் வெள்ளக்காரண்ட."

நஸ்ரின் கதவு வழியே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பரவால்ல. மூணு மாசம் இரிக்கே, பழகிரும்," என்று சொல்லிவிட்டு மாமி தொழப் போனார்.

நான் முதல் வேலையாகச் சமையலறை வெப்பமானியை எடுத்துப்போய் அந்தத் தண்ணீரை அளந்தேன். எட்டுப் பாகை. கல்முனையில் நோன்பு திறக்க இந்தக் குளிரில் ஒரு கிளாஸ் தண்ணீர் கிடைத்தால் வீட்டுக்காரருக்கு துஆ செய்துவிட்டுக் குடிப்போம்.