ஹாலே காப்பகத்தில் நான் கேட்காமல் விட்ட கேள்வி

போன ஒக்டோபரில் நான் ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, மகளைச் சமாதானப்படுத்த. அங்கே வரலாறு படிக்கும் தாரணி, வுப்பர்டாலில் இருக்கும் நிரூஷனைக் கட்டப்போவதாகத் தொலைபேசியில் சொன்னாள். நான் உடனே, எந்த ஊர், ஊரில் எந்தக் கோயிலடி என்று கேட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்தார் சாதியை நேரே கேட்பதில்லை, இப்படித்தான் சுற்றிவளைப்போம். இரண்டு கிழமை அவள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு செய்தி வந்தது: வெள்ளிக்கிழமை அங்குள்ள பழைய ஆவணக் காப்பகத்தில் நேரம் கேட்டு டெர்மின் எடுத்திருக்கிறாளாம், நிரூஷனும் வருவானாம், அந்தக் கேள்வியோடு வருவதென்றால் நான் வரவேண்டாமாம்.

டோர்ட்மண்டில் காலை 6.40க்கு ரயில் ஏறி, ஹனோவரில் மாறி, 10.50க்கு ஹாலேயில் இறங்கினேன். முன்பதிவு செய்ததால் ஒரு வழிக்கு 29.90 யூரோதான். நிலையத்திலிருந்து காப்பகம் பதினைந்து நிமிட நடை. வாசலில் இருவரும் நின்றார்கள். நிரூஷன் கைகொடுத்தான். நான் வாயைக் கட்டிக்கொண்டேன்.

முந்தித் தமிழரிடையே ஊழியம் செய்த ஜெர்மன் பாதிரிமார் அனுப்பிய பழைய தமிழ் ஓலைச்சுவடிகள் அங்கே உண்டு, அவற்றைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. தாரணி எடுத்து வைத்ததோ பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் குடியேறிய ஜெர்மன்காரரைப் பற்றி அவர்களுடைய பாதிரிமார் ஹாலேவுக்கு எழுதி அனுப்பிய கடிதங்கள். அவளுடைய ஆய்வு அதில்தான். அந்தப் பழைய கையெழுத்து எனக்கு ஒன்றும் விளங்காததால் அவளே வாசித்துச் சொன்னாள். முதலில் ஜோர்ஜியாவில் அடிமை வைக்கத் தடை. ஆற்றுக்கு அக்கரையில், கரோலினாவில், அடிமைகளைக் கொண்டே நெல் விளைந்தது. தங்கள் ஆட்களின் உழைப்பே போதும், அடிமை வேண்டாம் என்று பாதிரிமார் எழுதினார்கள். பிறகு தடை நீங்கியது. அந்தக் குடியேற்றத்திலும் அடிமைகளை வைத்துக்கொண்டார்கள்.

"அடிமை வைக்கிறதை அவை அக்கரைக்குப் போய்ப் பழகேல்லை அப்பா. இருந்த இடத்திலையே பழகிட்டினம்," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்திலும் அடிமைகள் இருந்தார்கள். கோயிலடி விசாரிக்கும் எங்கள் வழக்கத்தில் அந்த வாடை இன்னும் போகவில்லை. முப்பது வருடமாக ஜெர்மனியில் இருந்துகொண்டு, நாங்கள் இதெல்லாம் பார்ப்பதில்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

மதியம் பக்கத்துக் கடையில் சூப் குடித்தோம். தாரணி கை கழுவப் போன நேரம், நான் கேட்காமலே நிரூஷன் கரண்டியை வைத்துவிட்டுத் தொடங்கினான். பிறந்தது வுப்பர்டாலில், ஊரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் தகப்பனின் ஊர், கோயில், வீதி எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னான், காலையில் காப்பகத்தில் அடையாள அட்டையை நீட்டியது போல. எத்தனை பேர் கேட்டிருந்தால் இப்படிப் பாடமாகியிருக்கும். பொய் சொல்லமாட்டேன், என் மனமும் அதை வைத்து என்ன சாதியென்று கணக்குப் போட்டது. வெட்கமாக இருந்தது.

"தம்பி, காணும், விடுங்கோ. இனி நான் கேக்கமாட்டன். எங்கட வீட்டை எப்ப வாறியள்?" என்றேன்.

போகிறவர்களுக்கு: முன்கூட்டியே எழுதி டெர்மின் எடுங்கள். பேனைக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். அடையாள அட்டை கட்டாயம். பெயரும் முகவரியும் எழுதிக்கொடுத்தால் உள்ளே விடுவார்கள். ஊரோ கோயிலடியோ கேட்கமாட்டார்கள். அன்றைக்கு அங்கே அதைக் கேட்கக்கூடியவன் நான் ஒருவன்தான்.