ஜேபியில் இருந்த ஃப்யூஸ்

அதிகாரி ஐயா, அந்த மெக்கானிக்கைத் திருடன் என்று சொன்னது நீங்கள்தான்.

பாம்பூஃப்ளாட் ஊருக்குப் புது இணைப்புகள் தருவதற்காக, எங்கள் தீவின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இன்னொரு போர்டு மாட்ட மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தவர் அவர். கறுத்து ஒல்லியான ஆள், சிடுமூஞ்சி. இயந்திரத்தைத் திறக்கும் முன் அங்கே வேலை பார்க்கும் எங்கள் மோதிரங்களைக் கழற்றச் சொல்வார். மின்சாரத்தை நிறுத்தி, ஃப்யூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். உள்ளே கை இருக்கும்போது யாரும் மின்சாரத்தைப் போட்டுவிடக் கூடாது அல்லவா?

உங்கள் டெலிபோன் பேசவில்லை என்று ஓடிவந்தீர்கள். ஃப்யூஸ் இருந்த இடம் காலி.

"சோர்! திருடா! ஜேபியக் காட்டுய்யா!" என்று எல்லார் முன்னாலும் அவர் பையில் மோதிரம் போட்ட கையை விட்டு ஃப்யூஸை எடுத்தீர்கள்.

"மோதிரத்தக் கழட்டிட்டுக் கைய விடணும் சார்," என்றார் அவர். "எடுத்துட்டீங்கல்ல, நீங்களே வச்சுக்குங்க. போட்டுறாதீங்க, என் கை உள்ள இருக்கும்."

சொன்னபடி கையை உள்ளே விட்டு வேலையை முடித்தார். நீங்கள் ஃப்யூஸோடு நின்றீர்கள். தடுக்காமல் நின்ற நாங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தன்னைத் திருடன் என்ற உங்களை நம்பி எப்படிக் கையை விட்டார்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அவர் எதைத் திருடினார்? எல்லார் முன்னாலும் சோதித்தீர்கள். எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.