கோர்சிக்கு அடியில் ஒரு கோழி

எங்கள் ஹமதான் நகரில், அல்வந்த் மலையின் பனி தெருவுக்கு இறங்கிவிட்டால் எல்லோரும் கோர்சிக்குள் கால் நீட்டிவிடுவோம். தாழ்ந்த மேசை, அடியில் கம்பிக் கூண்டுக்குள் கணப்பு, மேலே தரைவரை தொங்கும் பஞ்சுப் போர்வை; குளிர்காலத்திற்கு ஒரு வீட்டில் இவை போதும். என் அண்டைவீட்டுக்காரரும் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநருமாகிய நொஸ்ரத்துக்கு மட்டும் இவை போதவில்லை. தம் கால்களைக் காட்டிலும் தம் கோழிகளின் கால்களைப் பற்றியே அவர் கவலைப்பட்டார்.

வீட்டின் நல்ல கம்பளத்தைக் கூட்டுக்குப் போர்த்தினார். வீட்டுச் சன்னல் இடுக்கிலோ பழைய செய்தித்தாளைத் திணித்தார். கோழிகளின் கொண்டைகள் பனியில் கருகாதிருக்க, நாள்தோறும் வாசலின் களிம்பைத் தடவினார். அவர் மனைவி கௌகபின் உதடுகள் வெடித்தன.

"ஏங்க, எனக்குன்னு வாங்கின வாசலின் எங்க?"

"கூட்டுல இருக்கு. போய் நீயும் கொஞ்சம் தடவிக்கயேன்."

"உங்க செல்லம் பன்பேக்கு மிச்சம் இருக்கட்டும். தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறா, ஒரு முட்டை உண்டா? வியாழக்கிழமை எங்க அண்ணன் வர்றாரு. அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள இடலைன்னா, வெள்ளிக்கிழமை மாதுளைச் சாறும் வாதுமைக் கொட்டையும் சேர்த்துச் சட்டியில ஏத்திடுவேன்."

கௌகப் சொன்னால் செய்கிறவர். மற்றக் கோழிகள் ஒழுங்காக முட்டையிட, வெள்ளைக் கோழி பன்பே மட்டும் அவரை இவ்வாறு சோதித்துவந்தது.

வியாழன் நண்பகலில், கூட்டிலிருந்த தண்ணீர்க் கிண்ணம் கல்லாக உறைந்திருப்பதை நொஸ்ரத் கண்டார். பன்பேயை மேலங்கிக்குள் மறைத்துக் கொண்டுவந்து கோர்சிக்கு அடியில் விட்டார். சற்று நேரத்தில் கௌகபின் அண்ணன் ஹெஷ்மத், மனைவி மொலூக்குடன் வந்து சேர்ந்தார். பனியில் நனைந்த தம் ஆட்டுத்தோல் தொப்பியைப் போர்வையின் ஓரத்தில் உள்ளே தள்ளி உலரவைத்தார். தேநீர் அருந்த நானும் அழைக்கப்பட்டிருந்தேன்.

கௌகப் பிஸ்தாவும் கோமாஜ் ரொட்டியும் வைத்தார். எங்கள் வழக்கப்படி ஹெஷ்மத் இருமுறை மறுத்தார். மூன்றாம் உபசாரத்திற்குக் கை நீட்டியபோது, திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தவர், கையை இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மா, வயிறு நிறைஞ்சிருக்கு."

அடுத்து மொலூக் திடுக்கிட்டுக் கணவரைப் பார்த்தார். அவரும் வேண்டாம் என்றார். பின்னர் என் பெருவிரலில் ஒரு குத்து விழுந்தது. விருந்தாளிகளே தொடாத பலகாரத்தை அண்டைவீட்டான் உண்பதா என்று நொஸ்ரத் காலால் உணர்த்துவதாகவே நான் எண்ணினேன். குத்துப்பட்டதை வாய்விட்டுச் சொல்வது மரியாதையன்று. மூவரும் பசியோடு புன்னகைத்தோம்.

கௌகபின் முகம் சுருங்கியது.

"என் கை பலகாரம் யாருக்கும் புடிக்கலையா? அப்ப நாளைக்குக் கோழியை மட்டும் யாருக்காக அறுக்கிறேன்?"

"அதானே! யாருக்காக?" என்றார் நொஸ்ரத், மிகுந்த ஆவலோடு.

"நீங்க வாயை மூடுங்க. முட்டையும் இல்லை, மரியாதையும் இல்லை. அறுக்கிறது அறுக்கிறதுதான்."

அப்போது போர்வைக்குள்ளிருந்து, "கொக்... கொக்... கொக்கொக்கேக்!" என்று பெருமிதமான முழக்கம் எழுந்தது. நொஸ்ரத் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"நெஞ்சுச் சளி. பனிக்காத்து ஒத்துக்கலை."

"மாப்ளே, உங்க நெஞ்சுச் சளி என் விரலைக் கொத்துதே!" என்று ஹெஷ்மத் போர்வையைத் தூக்கினார்.

"அப்ப நீ உதைக்கலையா?" என்று மனைவியைக் கேட்டார்.

"நான் எதுக்கு உதைக்கணும்? நீங்கதான் உதைச்சீங்கன்னு நானும் பதிலுக்கு ரெண்டு விட்டேன்!"

"அந்த ரெண்டும் என் கணுக்கால்ல விழுந்துச்சு, மதினி," என்றார் கௌகப்.

பன்பே சாவகாசமாக எழுந்து நின்றது. அதன் கீழே, ஹெஷ்மத்தின் தொப்பிக்குள் ஒரு முட்டை கிடந்தது. நொஸ்ரத் சன்னலை நோக்கி விரல் நீட்டினார். பனிமேல் இன்னும் வெயில் இருந்தது.

கௌகப் குனிந்து முட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அதைத் தொப்பியோடு எடுத்து அண்ணனிடம் நீட்டினார்.

"உங்க தொப்பியில இட்டது. உங்களுக்குத்தான்ணே."

"ஐயோ, வேணாம்மா."

"எனக்காக வாங்கிக்கணும்."

"சொன்னாக் கேளு, வேணாம்."

"என் மேல ஆணை, அண்ணே."

ஹெஷ்மத் முதலில் தம் இரு கால்களையும் மெத்தைமேல் பத்திரமாக மடக்கிக்கொண்டார். பின்னர்த்தான் முட்டையை வாங்கினார். நாங்களும் கால்களை மடக்கிக்கொண்டு ரொட்டியின்மேல் பாய்ந்தோம்.

வெள்ளிக்கிழமை விருந்துக்குக் கத்தரிக்காய்க் குழம்பு முடிவாயிற்று. பன்பேயைத் தூக்கிக்கொண்டு முற்றத்திற்குப் புறப்பட்ட நொஸ்ரத்தைக் கௌகப் தடுத்தார்.

"வெளியில எங்க கொண்டுபோறீங்க? விறைச்சுச் சாகவா? உள்ள விடுங்க. போர்வையை நல்லா இழுத்து மூடுங்க, குளிர் உள்ள போகுது. வாசலினை மட்டும் எங்கிட்டக் குடுங்க."